சிறார் மறைக்கல்வியும் தமிழ் வினாவிடை உரைநடையும்

தமிழ் உரைநடையின் வரலாற்றை எழுதப் புகுவோர், ஐரோப்பியர் ஆற்றிய தொண்டினைக் கூறுங்கால், வீரமாமுனிவரின் உரைநூல்களையே பெரிதும் முன்னிறுத்துவர். அம்முனிவர் தமிழகம் வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டிற்கு முன்னரே, முத்துக்குளித்துறையில் சிறார்க்கு மறை கற்பிக்க வேண்டிய தேவை எளியதோர் உரைநடைக்கு வழிகோலியது. அவ்வுரைநடை தோன்றி வளர்ந்த வகையை ஈண்டு ஆராய்வோம்.

பிரான்சிசு சவேரியார் 1542ஆம் ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துகீசியமும் அறிந்த சிலரைக் கூட்டிப் பன்னாள் முயன்று மன்றாட்டுகளை மொழிபெயர்க்கச் செய்து, அவற்றைத் தாமே மனப்பாடம் செய்தார். கையில் மணியேந்தி ஊர்தோறும் ஒலித்துச் சிறாரை ஒன்றுகூட்டினார். நாள்தோறும் இருமுறை ஓதுவித்தார். கற்றவற்றைத் தாய் தந்தையர்க்கும் அண்டை வீட்டார்க்கும் கற்பிக்குமாறு அச்சிறாரைப் பணித்தார். நோயுற்றோர் இல்லங்களுக்கும் அவர்களையே அனுப்பினார். மாணவராய் இருந்தோரே ஆசிரியரும் ஆயினர். வீட்டில் நிகழும் பழைய வழிபாட்டைப் பிள்ளைகளே கண்டிக்கவும் அறிவிக்கவும் தலைப்பட்டமையின், இம்முறையால் இல்லங்களிற் பூசலும் விளைந்திருக்கும் என்பதை மறத்தற்கில்லை.

இவ்வாறு குழந்தையின் நாவே நூலாய் அமைந்த நிலையில், ஒரு சொல்லின் பிழை ஊர் முழுதும் பரவும். அப்படியொரு பிழை நேரவும் செய்தது. நம்பிக்கை அறிக்கையில் ‘நம்புகிறேன்’ என்னும் பொருள்பட அமைய வேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்னும் சொல் நின்றது. இதனைப் பின்னர் உணர்ந்த சவேரியார், 1544இல் தம் உடன் உழைப்பாளர் மன்சில்லாசுக்கு எழுதிய மடலில், அதனை விலக்கி ‘விசுவசிக்கிறேன்’ எனச் சொல்லுமாறு பணித்தார். விரும்புதல் வேறு, நம்புதல் வேறு. பொருள் உணராது ஒப்பிக்கும் குழந்தைக்கு இரண்டும் ஒன்றே. ஓதுவித்தல் மட்டும் அமையாது, உணர்வித்தலும் வேண்டும் என்னும் உண்மையை இந்நிகழ்ச்சி தெளிவுறுத்துகின்றது.

1554இல் இலிசுபனில் தமிழ் மறைச்சிறுநூல் ஒன்று அச்சாயிற்று. அது உரோமன் எழுத்தில் அமைந்தமையின், கடற்கரைச் சிறுவன் கையில் அதனாற் பயனில்லை. அக்குறையை நீக்கியவர் அண்டிரீக்கு அடிகளார். இவர் தமிழை இலக்கண முறையிற் பயின்று, போர்த்துகீசிய மொழியில் தமிழ் இலக்கணமும் வரைந்தவர். இவர் மொழிபெயர்த்த ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சேறியது. பதினாறு பக்கங்களே கொண்ட அந்நூலின் பெயரிலுள்ள இரு சொற்களும் கேட்ட அளவிலேயே தமிழ்ச் சிறார்க்குப் பொருள் விளங்குவன.

1579இல் கொச்சியில் வெளிவந்த ‘கிரிசித்தியானி வணக்கம்’ நம் ஆய்விற்கு இன்னும் இன்றியமையாதது. இதன் மூலம், மார்க்கோசு சோர்சு என்பார் சிறார்க்குக் கற்பித்தற்பொருட்டே உரையாடல் வடிவில் போர்த்துகீசிய மொழியில் இயற்றிய நூலாகும். ஆசிரியனும் மாணாக்கனும் வினவியும் விடுத்தும் செல்லும் முறையை அண்டிரீக்கு அடிகளார் தமிழிற் கொணர்ந்தார்.

வினாவிடை முறை தமிழுக்குப் புதிதன்று. இறையனார் களவியலுரை அம்முறையால் நடப்பது. நன்னூலார் வினாவை ஆறு வகையாகவும் விடையை எட்டு வகையாகவும் பகுத்தார். ஆயினும் அவை புலமை நிரம்பியோர்க்கு உரியன. சிறுவனை எதிரே நிறுத்தி, அவன் ஒரு மூச்சில் சொல்லத்தக்க அளவில் விடையைச் சுருக்கி அமைத்த உரைநடை அச்சேறியது இந்நூலின்வழியே எனலாம்.

இம்முறை பின்னர்த் தரங்கம்பாடியில் மேலும் வளர்ந்தது. 1706இல் அங்கு வந்த சீகன்பால்கு ஐயர், திண்ணைப்பள்ளிச் சிறாருடன் அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் பயின்றார். மார்ட்டின் லூத்தர் 1529இல் வெளியிட்ட சிறிய வினாவிடை நூலை அவர் தமிழாக்கினார். அந்நூலில் ஒவ்வொரு பகுதியை அடுத்தும் அதன் பொருள் யாது என்னும் வினா எழுப்பப்படுகின்றது. சவேரியார் காலத்தில் பட்டறிவாற் பெற்ற பாடம் இங்கு நூலின் கட்டமைப்பாகவே அமைந்துள்ளமை நோக்கற்பாலது. 1707இல் பெண் குழந்தைகட்கும் அங்குப் பள்ளி தொடங்கப்பெற்றது. சிறாரிடம் மொழி கற்றவரே சிறார்க்கு நூல் தந்தார்.

இதுகாறும் கூறியவற்றால், சமயக் கருத்தைச் சிறார்க்கு உணர்த்தும் முயற்சி தமிழ் உரைநடைக்கு எளிமையையும் சொற்றெளிவையும் நல்கிற்று என்பது பெறப்படும். இந்நூல்களின் மொழி பலவிடத்துக் கரடுமுரடானது. பிறமொழிச் சொற்களும் மிகுதி. எனினும், குழந்தைக்கு விளங்குமா என்னும் ஒரு வினாவை முன்வைத்து எழுந்தமையால், இவை உரைநடை வரலாற்றில் தனியிடம் பெறத் தக்கன.