பேய் வீடா, யாருடைய வீடா?

கொஞ்சம் நீளமான பதிவு, ஆறுதலா வாசியுங்கோ.

பாடசாலைக்கு வரும் வழியில் கூரையில்லாத வீடு ஒன்று இருக்கு. விறாந்தைக்குள் வேம்பு வளர்ந்து நிற்குது. "சேர், அதுக்குள்ள பேய் இருக்கு" என்கிறார்கள் தமிழ்ப் பிள்ளைகள். எங்கட பிள்ளைகள் "ஜின்" என்கிறார்கள். வீடு என்னவோ ஒன்றுதான்.

பிள்ளைகளுக்கு இந்தப் பயம் படங்களில் இருந்துதான் வருது. 1993இல் மலையாளத்தில் வந்த மணிச்சித்திரத்தாழ், 2005இல் தமிழில் சந்திரமுகி ஆனது. பூட்டிய அறை, சலங்கைச் சத்தம். அதன்பிறகு காஞ்சனா, அரண்மனை என்று நிற்கவே இல்லை.

ஆனால் இந்த வகைக் கதைகளுக்கு மூலம் 1764இல் ஹொரஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர் எழுதிய 'ஒட்ராண்டோ கோட்டை' நாவல். அதில் பேய் ஏன் வருது தெரியுமா? கோட்டையின் உண்மையான உரிமையாளருக்கு நஞ்சு கொடுத்துக் கொன்றுவிட்டு, வேறொருவன் அதைப் பிடித்துக்கொள்கிறான். அவனுடைய பேரன் காலத்தில் செத்தவரின் உருவம் எழுந்து வந்து, உரிய வாரிசு யாரென்று சொல்லுது. அதாவது, அது ஒரு காணி வழக்கு!

எங்கட கதையும் அதுக்குக் கிட்டத்தான். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறக்குறைய 75,000 பேர். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி வீடுகளும் அப்படித்தான் ஆளில்லாமல் போயின. பிறகு 2008இல் தமிழ்ச் சனத்தின் முறை. கிளிநொச்சி ஆட்கள் ஓட்டையும் தகரத்தையும் கழற்றி, உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கூரையில்லாத வீடு எல்லாம் பேய் வீடு என்றால், அந்த நேரம் வன்னி முழுக்கப் பேய்தான்.

இன்னொன்றும் கவனியுங்கோ. எங்கட நாட்டுச் சட்டப்படி, ஒருவர் வேறொருவரின் தனியார் காணியைப் பத்து வருடம் தடையில்லாமல் ஆண்டால் உரிமை கோரலாம். இடம்பெயர்ந்தவர்கள் எப்படித் தடுக்கிறது? இதற்காகத்தான் 2016இல் விசேட சட்டம் வந்தது. ஆயுதக்குழுவின் செயலால் காணிக்கு வரமுடியாமல் இருந்தவருக்கு எதிராக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்க முடியாது என்று அது சொன்னது. சட்டம் வந்தது. ஆனால் "அது பேய் வீடு" என்று ஊரே சொன்னால், அதற்கு ஆள் இருந்ததையே மறந்துவிடுவோம்.

அதனால் பிள்ளைகளிடம், வீட்டில் பெரியாக்களைக் கேட்டுக்கொண்டு வரச் சொன்னேன். ஒரு பிள்ளையின் அம்மம்மாவுக்கு ஞாபகம் இருக்காம். அங்கே ஒரு தையல்காரர் இருந்தவராம். அவவின் சட்டையும் அவர்தான் தைச்சவராம். பெருநாளுக்கு முதல் இரவு விடியும்வரை மெஷின் சத்தம் கேட்குமாம்.

அவரின் குடும்பம் புத்தளத்திலோ வேறெங்கோ இருக்கலாம். தெரிந்தவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கோ.