இத்தனை கண்ணாடி எதற்கு? ஸ்கூட்டர்களின் கதையும் கிரீஸ் கறையும்

சென்ற மாதம் எங்கள் மாலைநேர வாசிப்பு வட்டத்தில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டினோம். 1960களின் இங்கிலாந்து, ஒரு கடற்கரை ஊர். கோட்டு சூட்டு போட்ட பையன்கள், அதற்கு மேல் ராணுவக் கழிவில் வாங்கிய தொளதொள மேலங்கி. உட்கார்ந்திருப்பது லாம்பிரெட்டா ஸ்கூட்டரில். ஹேண்டில்பாரைச் சுற்றிப் பத்துப் பதினைந்து கண்ணாடிகள், கீழே வரிசையாக விளக்குகள். பாலிடெக்னிக் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "இத்தனை கண்ணாடி எதுக்குண்ணா? பின்னாடி யாரு தொரத்துறா?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி எங்களை விடவில்லை. ஸ்கூட்டரைப் பிரித்து மாட்டி அழகு பார்ப்பது வேலையற்றவர்களின் வேலை என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். இயக்கத்தில் இருப்பவனுக்குப் பொழுதுபோக்கு எதற்கு என்று கேட்கும் தோழர்களும் உண்டு. அந்தப் படத்தில் இருக்கும் பையன்கள் யார் என்று தேடிப்போனால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

ஸ்கூட்டர் வசதியானவர்களின் விளையாட்டுப் பொருளாகப் பிறக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் இத்தாலி நொறுங்கிப்போனது. விமானம் செய்துகொண்டிருந்த பியாஜியோ நிறுவனத்தின் பொன்டெடெரா தொழிற்சாலையும் குண்டுவீச்சில் சிதைந்தது. மக்களுக்கு மலிவாக ஒரு வண்டி வேண்டும். 1946இல் வெஸ்பா வந்தது. வடிவமைத்தவர் கொராடினோ தஸ்கானியோ. விமானப் பொறியாளரான அவருக்கு மோட்டார் சைக்கிளே பிடிக்காது. செயின் எண்ணெய் கால்சட்டையில் படும், பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றுவது பெரும்பாடு. எனவே செயினையே எடுத்துவிட்டு எஞ்சினைப் பின்சக்கரத்தோடு சேர்த்து வைத்தார். விமானச் சக்கரத்தைப் போல முன்சக்கரத்தை ஒரே பக்கத்தில் தாங்க வைத்தார். நட்டைக் கழற்றினால் கார் டயர் போலச் சக்கரம் கையோடு வந்துவிடும்.

அடுத்த ஆண்டே மிலன் நகரத்து லாம்பிராத்தே பகுதியில் இரும்புக் குழாய் செய்துகொண்டிருந்த இன்னொசென்டி நிறுவனம் லாம்பிரெட்டாவைக் கொண்டுவந்தது. இரண்டுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. வெஸ்பாவுக்குத் தகட்டு உடம்பேதான் சட்டம். லாம்பிரெட்டாவுக்கு உள்ளே குழாய்ச் சட்டம், மேலே மாட்டிக் கழற்றும் தகடுகள். தகட்டைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பிவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டே இருக்கலாம். வண்டியை மாற்றியமைக்கும் ஆசைக்காரர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

1958இல் பிரிட்டிஷ் அரசு தவணைமுறைக் கொள்முதல் மீதிருந்த கட்டுப்பாடுகளை நீக்கியது. சம்பளக்காரப் பையன்களும் மாதத் தவணையில் ஸ்கூட்டர் எடுக்க முடிந்தது. 'மாட்' என்று தங்களை அழைத்துக்கொண்ட இளைஞர்கள் பெரும்பாலும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள், கீழ் நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைகள். அலுவலகத்தில் கடைநிலை குமாஸ்தா, துணிக்கடையில் விற்பனையாள், பட்டறையில் தொழில் பழகுபவர். வாரம் முழுக்க யாருக்கோ கைகட்டி நின்றவர்கள், வார இறுதியில் தங்கள் வண்டிக்குத் தாங்களே எஜமானர்கள். பக்கத் தகடுகளுக்குக் குரோம் முலாம் பூசினார்கள். இரண்டு மூன்று வண்ணத்தில் பெயின்ட் அடித்தார்கள். சிறுத்தைத் தோல் போன்ற சீட் கவர், உயரமான முதுகுச்சாய்வு, பின்னால் ஆடும் ஏரியல் கம்பி எல்லாம் சேர்ந்தன. லண்டனில் எடி கிரிம்ஸ்டெட் போன்றவர்களின் கடைகள் இதற்கென்றே பெயர்பெற்றன. இன்னும் ஆழமாகப் போனவர்கள் சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, பெரிய கார்ப்பரேட்டர் மாட்டி வேகத்தைக் கூட்டினார்கள்.

எஞ்சின் மூடியிருப்பதால் சூட்டில் எண்ணெய் படாது. இது சின்ன விஷயம் அல்ல. பண்பாட்டு ஆய்வாளர் டிக் ஹெப்டிஜ் ஸ்கூட்டரைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதியவர். மாட் இளைஞர்களின் உடையைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். முதலாளி எதிர்பார்க்கும் அதே நேர்த்தியான உடையைத்தான் அவர்களும் போட்டார்கள். முதலாளிக்கே சங்கடம் வரும் அளவுக்கு அதிக நேர்த்தியாகப் போட்டார்கள். கோட்டு சூட்டின் அரசியலை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் காலனி முகப்பில் நிற்கும் அண்ணலின் சிலையை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு அது புரியும். தம்பியின் கேள்விக்கு முதல் பதில் இங்கேதான் இருக்கிறது. அந்தக் கண்ணாடிகள் பின்னால் பார்க்க அல்ல. 'என்னைப் பார்' என்று சொல்ல.

பார்த்தார்கள். 1964 ஈஸ்டர் விடுமுறையில் கிளாக்டன் என்ற கடற்கரை ஊரில் சிறு கைகலப்புகள் நடந்தன. மே மாதம் மார்கேட்டிலும் பிரைட்டனிலும் மாட்களுக்கும், மோட்டார் சைக்கிள் ஓட்டும் 'ராக்கர்'களுக்கும் மோதல். பத்திரிகைகள் நாடே அழிந்துபோவது போல எழுதின. ஸ்டான்லி கோஹன் இதை ஆராய்ந்து 1972இல் நூலாக வெளியிட்டார். ஒரு கூட்டத்தைப் பேயாக வரைந்து, அந்தப் பேயைக் காட்டியே சமூகம் எப்படிப் பதறுகிறது என்று விளக்கினார். எம்.ஏ. சமூகவியல் வகுப்பில் 'ஒழுக்கப் பீதி' என்று குறிப்பெடுத்துப் பரீட்சை எழுதினோம். அது நம் தெருமுனைச் சமாச்சாரம் என்பது அப்போது உறைக்கவில்லை. வண்டியில் மூன்று பையன்கள் போனாலே 'அந்தப் பக்கத்துப் பசங்க' என்று ஆரம்பிக்கும் பேச்சு வேறென்ன?

மாட்களை நாம் புனிதராக்கவும் தேவையில்லை. அவர்கள் ஆடியது ஜமைக்காவிலிருந்து வந்த ஸ்கா இசைக்கும் கறுப்பு அமெரிக்கர்களின் சோல் இசைக்கும். அதே ஸ்கூட்டர் உலகத்தின் 1980களின் கூட்டங்களில் நிறவெறி பிடித்த மொட்டைத்தலைக் கும்பல்களும் வந்து நின்றன. வண்டி ஒருவரை விடுதலை செய்துவிடாது. ஓட்டுபவரைப் பொறுத்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். லாம்பிரெட்டாவே நேரே இங்கு வந்து சேர்ந்தது. 1971இல் இன்னொசென்டி உற்பத்தியை நிறுத்தியது. இந்திய அரசு அந்த எந்திரங்களை வாங்கி, 1972இல் லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கியது. அதற்கு முன்பே 1950களிலிருந்து பம்பாயில் ஏ.பி.ஐ. நிறுவனம் லாம்பிரெட்டாவை உருவாக்கிக்கொண்டிருந்தது. மெட்ராஸ் என்ஃபீல்டுகூட 1960களில் 'ஃபென்டாபுலஸ்' என்ற ஸ்கூட்டரைச் செய்து பார்த்தது. வெஸ்பாவை உரிமம் பெற்றுச் செய்த பஜாஜ், அந்த ஒப்பந்தம் 1971இல் முடிந்ததும் 1972இல் சேடக்கைக் கொண்டுவந்தது. லக்னோவில் இந்தியர்களுக்கு 'விஜய் சூப்பர்' தயாரானது. லாம்பிரெட்டா என்ற பெயரிலேயே வண்டிகள் பிரிட்டனுக்கும் ஏற்றுமதியாயின. இத்தாலியில் உற்பத்தி நின்ற பிறகு அங்குள்ள ஆர்வலர்களுக்குக் கிடைத்த புது லாம்பிரெட்டாக்களில் லக்னோ தொழிலாளர் செய்தவையும் இருந்தன. மாட்களின் வரலாற்றைப் பேசும் புத்தகங்களில் இந்தத் தொழிலாளர்களுக்கு எத்தனை வரி என்று தேடிப்பாருங்கள். 2021 ஜனவரியில் அந்த ஆலையை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தபோதும் இங்கே பெரிய பேச்சில்லை.

இந்தியாவில் ஸ்கூட்டர் வாங்குவதே பெரும் தவம். லைசென்ஸ் ராஜ்ஜியக் காலத்தில் பதிவு செய்துவிட்டுப் பத்து ஆண்டுகள்வரை காத்திருந்தவர்கள் உண்டு. கைக்கு வந்த வண்டியைக் கூடுதல் விலைக்கு உடனே விற்றுவிட முடிந்தது. வரதட்சணைப் பட்டியலில் அதற்குத் தனி இடம் இருந்தது. இப்படிக் கிடைத்த வண்டியை யாரும் கடைந்து பெரிதாக்கிப் பார்க்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை துடைப்பது, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்ப்பது, கிளம்பாவிட்டால் ஒருபக்கமாகச் சாய்த்து நிமிர்த்திக் கிக்கரை உதைப்பது. நடுத்தர வர்க்கத்து வீட்டுக்காரரின் கைவேலை பெரும்பாலும் அங்கே முடிந்துவிடும். அதற்குமேல் மெக்கானிக் ஷெட்.

எங்களுக்கு முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். பிரிட்டிஷ் பையனுக்குக் கையில் கிரீஸ் படுவது பெருமை. தன் வண்டியைத் தானே பிரித்து மாட்டினேன் என்று சொல்லிக்கொள்வான். இங்கே கிரீஸ் இன்னொருவர் கையில் இருக்க வேண்டிய கறை. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே படிப்படியாகப் பிரித்து வைக்கிறது என்று அண்ணல் 1936லேயே 'சாதி ஒழிப்பு' நூலில் விளக்கினார். உடலால் உழைப்பது இழிவு என்று கற்பிக்கப்பட்ட சமூகத்தில், ஸ்பேனர் பிடிப்பது எப்படிப் பொழுதுபோக்காகும்? நாங்கள் வேலை செய்யும் ஊர்களில் ஷெட்டுகளில் எடுபிடியாகச் சேர்ந்த பையன்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் இஸ்லாமிய வீட்டுப் பிள்ளைகளும் நிறைய. எட்டாம் வகுப்போடு நின்ற ஒரு பையன் எஞ்சின் சத்தத்தை வைத்தே பிஸ்டன் ரிங் தேய்ந்ததைச் சொல்வான். அதற்குச் சான்றிதழ் இல்லை. 'டேய்' என்று கூப்பிடுவார்கள், அவ்வளவுதான்.

இன்று நகரங்களில் பழைய ஸ்கூட்டர் சங்கங்கள் வந்துவிட்டன. லாம்பிரெட்டாவைத் தேடி வாங்கி, புதுப்பேட்டையில் உதிரிபாகம் பொறுக்கி, பழைய நிறத்துக்கே கொண்டுவருகிறார்கள். நல்ல விஷயம்தான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் டிங்கரிங் செய்தவர், பெயின்ட் அடித்தவர், எஞ்சின் கட்டியவர் யாரும் கண்காட்சிப் படத்தில் இருப்பதில்லை. இந்தியாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் புதுப்பித்து வரும் வண்டிகள் மக்குப் பூசிய ஏமாற்று என்று பிரிட்டிஷ் ஆர்வலர்கள் புலம்புவதுண்டு. அதில் உண்மையும் இருக்கிறது. துருவுக்கு மேல் மக்குப் பூசி விற்பது ஓட்டுபவரின் உயிரோடு விளையாடுவது. அந்த வியாபாரத்தில் லாபம் யாருக்கு, பெயர் கெட்டது யாருக்கு என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

வண்டியை வைத்திருப்பதும் ஓட்டுவதுமே நமக்குத் தனி வரலாறு. ஊர்த்தெருவுக்குள் சைக்கிளில் ஏறிப் போகக்கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும், செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டுப்பாடு எத்தனை கிராமங்களில் இருந்தது என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டாலே சொல்வார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் (2016 ஜனவரி 26 முதல் நடைமுறை) பட்டியல் சாதி, பழங்குடி மக்களைப் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டவிடாமல் தடுப்பதையும், திருமண ஊர்வலத்தில் குதிரையிலோ வேறு வாகனத்திலோ ஏறவிடாமல் தடுப்பதையும் குற்றமாக வெளிப்படையாகச் சேர்த்தது. மாணவத் தோழர்கள் பிரிவு 3(1)ஐ முழுதாக ஒருமுறை படித்துவிடுங்கள். ஒரு நாட்டின் சட்டம் இப்படி எழுதிவைக்க வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் என்னென்ன நடந்திருக்கும்?

சேடக் என்பது ராணா பிரதாப்பின் குதிரையின் பெயர். குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில் 2018 மார்ச்சில் தலித் இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டார். குதிரை வைத்திருந்ததுதான் காரணம் என்று குடும்பத்தினர் புகார் செய்தார்கள். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் நம் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் ஓட்டியதற்காக என்பது குடும்பத்தின் புகார். வெட்டப்பட்டது ஹேண்டில்பார் பிடித்த கைகள். 'பின்னாடி யாரு தொரத்துறா' என்று தம்பி கேட்டதை வேடிக்கையாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாததற்கு இதுதான் காரணம்.

வாசிப்பு வட்டம் முடிந்த வாரமே அந்தத் தம்பி ஒரு வேலையைத் தொடங்கிவிட்டார். எங்கள் காலனியின் முதல் ஸ்கூட்டர், ஓய்வுபெற்ற ஒரு வாத்தியாருடையது. எண்பதுகளில் வண்டிக்கடன் போட்டு, காத்திருந்து வாங்கிய சேடக். வந்த அன்று பிள்ளைகள் எல்லாம் வரிசையில் நின்று ஹாரன் அடித்துப் பார்த்ததாகச் சொல்வார்கள். முதல் மூன்று வருடம் ஊர்த்தெரு வந்ததும் எஞ்சினை நிறுத்தி, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனதாக வாத்தியார் சொன்னார். அது இத்தனை நாள் எங்களுக்குத் தெரியாது. "அப்ப என்னத்தப் பண்றது, சம்பளம் இருந்துச்சு, தெரு இல்ல" என்றார்.

பல வருடமாக மாட்டுக் கொட்டகையில் கிடந்த அந்த வண்டியை ஐந்து பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பிரித்தார்கள். ஷெட்டில் வேலை செய்யும் பையன்தான் ஆசிரியர், பாலிடெக்னிக்காரர் மாணவர். கார்ப்பரேட்டரில் குளவி கூடு கட்டியிருந்தது. சைலன்சரில் கரி அடைத்திருந்ததை நெருப்பு மூட்டி எரித்தெடுத்தார்கள். பாயிண்ட், கண்டன்சர், கியர் ஒயர் எல்லாம் புதிது. பெட்ரோலில் டூ-டி ஆயில் கலக்க மறந்துவிடாதே என்று வாத்தியார் தினமும் வந்து சொல்லிக்கொண்டிருந்தார். நிறத்தை மாற்ற ஆசை வந்தது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள நிறம் மாறினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிந்தாக வேண்டும், பதினைந்து ஆண்டு தாண்டிய வண்டிக்குப் பதிவையும் புதுப்பிக்க வேண்டும் என்று எடுத்துச் சொன்னோம். போலீஸ் சோதனையில் முதலில் நிறுத்தப்படுவது யார் வண்டி என்பது அவர்களுக்கே தெரியும். பழைய நீலமே இருக்கட்டும் என்று முடிவானது. காகிதமெல்லாம் கைக்கு வரும்வரை வண்டி காலனியை விட்டு வெளியே போகவில்லை.

கண்ணாடி மட்டும் எங்கள் பேச்சைக் கேட்கவில்லை. இரண்டு போதும் என்றோம், ஆறு மாட்டியிருக்கிறார்கள். போன ஞாயிறு வாத்தியார் பின்சீட்டில் உட்கார, தம்பி ஊர்த்தெரு வழியாகவே ஓட்டிப் போய்த் திரும்பினார். எஞ்சின் நிற்கவில்லை. கிளட்ச் ஒயர் மட்டும் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது. அடுத்த வாரம் மாற்ற வேண்டும்.