பொங்கல் என்ற சொல் படத்தில் ஏறிய கதை

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே டிடிபி கடைகளில் கூட்டம் கூடிவிடும். வாட்ஸ்அப்பில் படம் வரும்: பானை, கரும்பு, மஞ்சள் கொத்து, ஓரத்தில் கைகூப்பிச் சிரிக்கும் முகம். “அண்ணே, மேல பொங்கல் நல்வாழ்த்துகள்னு போடுங்க, கீழ நம்ம பேரு. நல்லா பெருசா தெரியணும்.” அவ்வளவுதான் உத்தரவு. அந்த வாழ்த்தின் முதல் சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வோம். விசைப்பலகையில் தொடங்கி ஊர் முச்சந்தி வரைக்கும் அந்த நான்கெழுத்து போகும் வழி நீளமானது.

படத்தின் மேல் எழுதும் ஆசை கணினிக்கு முந்தையது. நெகட்டிவின் மேல் கறுப்பு மையால் எழுதினால் அந்த இடத்தில் ஒளி புகாது. அச்சில் அது வெள்ளை எழுத்தாக விழும். நெகட்டிவின் மருந்து பூசிய பக்கத்தில் எழுதுகிறவர் இடவலம் மாற்றி எழுதப் பழகியிருக்க வேண்டும். அது முடியாத இடத்தில் எழுத்தையே கேமராவுக்கு முன்னால் கொண்டுவந்தார்கள். பள்ளிக்கூட குரூப் போட்டோவில் முன்வரிசைப் பிள்ளைகளின் காலடியில் வகுப்பும் ஆண்டும் எழுதிய சிலேட்டை வைப்பார்களே, அதுவும் படத்தில் எழுத்து ஏற்றும் வேலைதான்.

பிறகு அந்த வேலை கணினிக்கு வந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த தாமஸ் நோல் 1987-இல் தொடங்கிய நிரல், அவருடைய தம்பி ஜான் நோலின் கைசேர்ந்து வளர்ந்து, 1990 பிப்ரவரியில் அடோபி நிறுவனத்தின் போட்டோஷாப்பாக வெளிவந்தது. ஆரம்பப் பதிப்புகளில் எழுத்தைப் படத்தில் வைத்த கணமே அது வண்ணப் புள்ளிகளாக உறைந்துவிடும். பிழை கண்ணில் பட்டால் திருத்த வழியில்லை, அழித்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். 1994-இல் மூன்றாம் பதிப்பில் லேயர் என்ற அடுக்கு வசதி வந்தது. 1998-இல் ஐந்தாம் பதிப்பில்தான் எழுத்து, எப்போது வேண்டுமானாலும் திருத்தக்கூடிய தனி லேயர் ஆனது. அச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஆனால் நம் சொல்லுக்கு வேறு சிக்கல் இருந்தது. கணினிக்குத் தமிழ் தெரியாது. அதனால் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துருக்கள் வந்தன. அவற்றில் ஒன்றான பாமினியில் ‘பொங்கல்’ வேண்டுமென்றால் என், ஜி, எச், கியூ, அரைப்புள்ளி, எஃப், ஒய், அரைப்புள்ளி என்று எட்டு விசைகளைத் தட்ட வேண்டும். முதலில் கொம்பு, பிறகு ப, பிறகு கால். எழுதும் வரிசையிலேயே அடிப்பதால் போட்டோஷாப்பும் கேள்வி கேட்காமல் அடுக்கிவிடும். திரையில் தமிழ், உள்ளே இருப்பதோ வெறும் ஆங்கில எழுத்துகள். பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

கோப்பு வேறு கணினிக்குப் போகும்போதுதான் குட்டு உடையும். அங்கே பாமினி இல்லையென்றால் பொங்கல் காணாமல் போய், அரைப்புள்ளி தெறித்த ஆங்கிலக் குவியல் ஒன்று வந்து நிற்கும். ஒவ்வொரு எழுத்துருக் குடும்பமும் தனக்கென ஒரு விசை வரைபடம் வைத்திருந்ததால், ஒன்றில் அடித்ததை இன்னொன்றுக்கு மாற்றினால் சொல் சிதறும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்ற குறியீட்டுத் தரங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தரமாக ஏற்று ஆணையிட்டது. அதற்குப் பிறகும் அச்சகங்களும் டிசைன் கடைகளும் பழைய எழுத்துருக்களை விடவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்கள் கையிலிருந்த மென்பொருளில் அதுதான் ஒழுங்காக வேலை செய்தது.

யூனிகோடில் 1991 முதலே தமிழுக்கு இடம் உண்டு. அதில் ‘பொ’ என்பது முதலில் ப, அடுத்து ஒகரக் குறி, இரண்டே குறியீடு. ஒலிக்கும் வரிசையில் சேமித்து, காட்டும்போது கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் பிரித்து வைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்ய எழுத்தைக் கோக்கும் பொறி ஒன்று மென்பொருளுக்குள் இருந்தாக வேண்டும். பழைய போட்டோஷாப்பில் தமிழுக்கு அது இல்லை. ப தனியாக நிற்கும்; கொம்பும் காலும் அதற்குப் பின்னால் ஒட்டாமல் கிடக்கும். கொம்பு இடம்மாறிய பேனர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். எழுதியவருக்குத் தமிழ் தெரியவில்லை என்று பலர் திட்டியிருப்பார்கள். தெரியாமல் போனது மென்பொருளுக்கு. கட்டற்ற மென்பொருளான கிம்ப், எழுத்தைக் கோக்க பாங்கோ என்ற நூலகத்தை நம்பியிருந்ததால் அதில் தமிழ் சரியாகவே நின்றது. போட்டோஷாப்பிலும் 2010-களில் வழி பிறந்தது: பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய் ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்’ என்பதைத் தேர்ந்து, பாராகிராஃப் பேனலில் ‘வேர்ல்ட்-ரெடி லேஅவுட்’ வைத்தால் பொங்கல் ஒழுங்காகப் பொங்கியது. இந்த ஓர் அமைப்பு தெரியாமலேயே பல ஆண்டுகள் பாமினியோடு மல்லுக்கட்டியவர்கள் ஏராளம்.

சொல் சரியாக விழுந்துவிட்டது, இனி அலங்காரம். இங்கேதான் கை பேச வேண்டும். பானைக்குப் பின்னால் பச்சைத் தோகை, அதற்கு மேல் வெளிறிய வானம். எழுத்தின் பாதி தோகையிலும் பாதி வானத்திலும் விழுகிறது. எந்த நிறம் கொடுத்தாலும் ஒரு பாதி மறையும். அதனால்தான் வெள்ளை எழுத்தைச் சுற்றிக் கறுப்பு ஓரக்கோடு, அதாவது ஸ்ட்ரோக், போடும் வழக்கம் உலகம் முழுக்க நிலைத்தது. 1965-இல் ஜெஃப்ரி லீ உலோக அச்சுக்காக வரைந்த இம்பாக்ட் எழுத்துரு, பின்னாளில் மீம்களின் முகமாக மாறியது இந்த வெள்ளை-கறுப்புக் கோலத்தில்தான்.

தமிழில் அதை அப்படியே செய்தால் அடிபடும். ஸ்ட்ரோக்கை ‘அவுட்சைடு’ வைத்துத் தடிமனை ஏற்றிப் பாருங்கள். கொம்பின் சின்னச் சுழிக்குள் கறுப்பு புகுந்து அடைத்துக்கொள்ளும். ங-வின் உள் இடைவெளி மூடும். லகரத்தின் மேல் நிற்கும் புள்ளி, கறுப்பில் மூழ்கிக் கடுகளவு வெள்ளையாக மிஞ்சும். ‘இன்சைடு’ வைத்தாலோ எழுத்தே மெலியும். சுழிகள் அகலமாகத் திறந்திருக்கும் எழுத்துருவைத் தேடுவதுதான் உருப்படியான வழி. பாலூ தம்பி, ஹிந்த் மதுரை, கேட்டமரன் போன்றவை இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. மெல்லிய எழுத்தை ‘ஃபோ போல்ட்’ போட்டுத் தடிக்க வைப்பது மட்டும் வேண்டாம். அது நான்கு பக்கமும் கண்மூடித்தனமாக ஊதிவிடும்.

வரி இடைவெளியிலும் கவனம் வேண்டும். இடத்தை மிச்சம் பிடிக்க லீடிங்கைக் குறைத்தால், ‘நல்வாழ்த்துகள்’ என்பதில் உள்ள ‘து’வின் வால் கீழே இருக்கும் பெயரின் புள்ளியில் போய் இடிக்கும். டிராப் ஷேடோவுக்கும் ஒரு நியாயம் உண்டு. படத்தில் வெயில் இடமிருந்து விழுகிறது என்றால் எழுத்தின் நிழல் வலப்பக்கம்தான் விழ வேண்டும். எதிர்ப்பக்கம் விழுந்தால் ஏனென்று சொல்லத் தெரியாத பார்வையாளருக்கும் கண் உறுத்தும். பெவல் எம்பாஸ் கொடுத்துத் தங்கமாக்குவது நம்மூர்ப் பழக்கம். கல்யாண பேனருக்கு அது அழகு என்றே சொல்வேன். இரங்கல் சுவரொட்டியில் அதே தங்கம் மின்னும்போது நெஞ்சு வலிக்கிறது.

பிறகு வேலை முடிந்த படத்தை ஜேபெக் கோப்பாகச் சேமிப்பார்கள். ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாக வெட்டிச் சுருக்குகிறது. வெளிச்ச வேறுபாட்டை ஓரளவு காப்பாற்றும். நிற நுணுக்கத்தைத் தாராளமாகத் தள்ளிவிடும். பச்சைத் தோகையின் மேல் சிவப்பு எழுத்து வைத்தால் ஓரங்கள் கசிவது இதனால்தான். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் இன்னொரு முறை சுருங்கும். அச்சகத்துக்கு டாக்குமென்டாக அனுப்பச் சொல்வது வீம்பு அல்ல.

ஜேபெக் ஆனதும் சொல் செத்து உருவம் மட்டும் இருக்கிறது. கைபேசியில் ‘பொங்கல்’ என்று தேடினால் அந்தப் படம் அகப்படும் என்ற உறுதி இல்லை. பார்வையற்ற ஒருவரின் திரைவாசிப்பான் பெரும்பாலும் ‘படம்’ என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடும். வாழ்த்து அவருக்குப் போய்ச் சேராது. படத்துக்குக் கீழே அதே வரியைத் தட்டி அனுப்ப அரை நிமிடம் போதும். இத்தனை பாடுபட்டுத் தமிழுக்குக் குறியீடு வாங்கிய பிறகு அந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அச்சான பிளெக்ஸ் பேனர் காற்றில் கிழியும்; யாரோ அதை மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகக் கொண்டுபோவார்கள். கடையின் ஹார்ட் டிஸ்கில் போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பு இருக்கும். அடுத்த தை வரும்போது அதே வாடிக்கையாளர் வந்து, “ஆண்டை மட்டும் மாத்திக் கொடுங்க” என்பார். டெக்ஸ்ட் லேயர் உயிரோடு இருந்தால் இரண்டு விசையில் முடிகிற வேலை. லேயர்களை ஒன்றாக்கி பிளாட்டன் செய்த ஜேபெக் மட்டும்தான் மிஞ்சியது என்றால், பழைய எண்ணைச் சுரண்டியெடுத்து, அதற்குப் பின்னால் இருந்த கரும்புத் தோகையைக் கையால் ஒட்டுப்போட வேண்டும்.