மரணச் சான்றும் முதுசமும்

இறந்தவனின் காணியும் வீடும் வள்ளமும் யாரைச் சேரும் என்ற கேள்விக்கு மன்னாரில் ஒரே விடை இருந்ததில்லை. ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்த தேசவழமையை ஆங்கிலேயர் 1806இல் சட்டமாக்கினர். முன்னோர்வழி வந்தது முதுசம், பெண்ணோடு வந்தது சீதனம், இல்லறத்தில் ஈட்டியது தேடியதேட்டம் என அது ஆதனத்தை நுணுக்கமாகப் பிரித்தது. இது வடமாகாணத் தமிழருக்கு. எருக்கலம்பிட்டி முஸ்லிம்களுக்கோ இஸ்லாமிய மரபுரிமை.

உரிமை இருந்தாற் போதாது. அதனை மன்றில் நிறுவவேண்டும். 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைக் கோவை அதற்கு வழிவகுத்தது. மரணத்தை நிரூபித்து, உரித்தாளர் யாவரையும் பெயர்குறித்து, ஆதனத்தை மதிப்பிட்டு, அறிவித்தல் கொடுத்தபின்னரே அதனை நிருவகிக்கும் அதிகாரப் பத்திரம் கிடைக்கும். இவற்றையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதியவர் பிரக்கிராசியார்; வாதாடியவர் அப்புக்காத்து. (1973ஆம் ஆண்டின் சட்டம் இருவரையும் சட்டத்தரணி என ஒன்றாக்கியது. கட்டணம் குறைந்ததா என்று கேளாதீர்கள்!) பேசாலையிலோ வங்காலையிலோ மீன்பிடித்து வாழ்ந்தவன் இப்படிகளை ஏறுவது எங்ஙனம்? பெரியவர்கள் கூடி வாய்ப்பேச்சாகப் பங்கிட்டார்கள். உறுதி பாட்டன் பெயரிலேயே கிடந்தது. வசதியுள்ளவன் வழக்கினால் உரிமை பெற்றான்; ஏழை அயலவரின் நினைவினால் பெற்றான்.

போர் அந்த அயலையே கலைத்துவிட்டது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்களை வெளியேற்றினர். பத்தாண்டு எதிர்ப்பின்றி ஆட்சிசெய்தவன் காணிக்கு உரிமை கோரலாம் என்பது 1871ஆம் ஆண்டுச் சட்டம். புத்தளத்து முகாமில் இருப்பவர் எவ்வாறு எதிர்ப்பார்? இதற்குப் பரிகாரம் தேடிய சிறப்புச் சட்டம் 2016இலேதான் வந்தது.

இதனினும் கொடியது காணாமற்போனோர் குடும்பங்களின் நிலை. வன்னியில் 1,46,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு 2011இல் அரச ஆணைக்குழுவிடம் கேட்டார். அவர் ஆதாரமாகக் காட்டியவற்றுள் கச்சேரியின் குடித்தொகைக் கணக்குகளும் அடங்கும். செய்தியில்லாதவரை இறந்தவராகக் கொள்ளப் பொதுச் சட்டம் இடமளிக்கிறது. போரிற் காணாமற்போனவருக்கு ஓராண்டே போதும் என்றது 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம். சலுகைபோலத் தோன்றும் இவ்விதியில் ஒரு பொறி உண்டு. மகனைப் படையினரிடம் தன் கையாலேயே ஒப்படைத்த தாயிடம், மகன் இறந்தான் என்று அவளையே எழுதித்தரக் கேட்கிறது அரசு. ஒப்படைத்த பின் நடந்ததற்கு யார் பொறுப்பு என்ற வினா அப்பத்திரத்தில் இல்லை. தாய்மார் பலர் மறுத்தார்கள். அம்மறுப்பை அறியாமை என்போரோடு நாம் உடன்படோம்.

அவர்களின் போராட்டத்தின் பின், 2016இல், ‘காணப்படாமைச் சான்றிதழ்’ என்ற ஒன்று சட்டத்தில் இடம்பெற்றது. அதைக்கொண்டு உதவிப்பணம் கோரலாம். காணாமற்போனவரின் ஆதனத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கலாம். ஆனால் முதுசம் பிள்ளைகளுக்கு இறங்காது. மகளுக்குக் கலியாணம் பேசுகிறார்கள். தகப்பன் பெயரிலுள்ள காணியைச் சீதனமாக எழுதவேண்டும். இறந்த திகதி என்னவென்று சட்டத்தரணி கேட்கிறார். தாய் பேசாதிருக்கிறாள்.