எந்த வீட்டுக் குழந்தையின் கோடு?

பிள்ளை பெற்ற வீட்டில் நாலாம் மாதமோ ஐந்தாம் மாதமோ ஒரு கேள்வி வந்துவிடும். கேட்பவர் அத்தையாக இருக்கலாம், எதிர்வீட்டுப் பாட்டியாக இருக்கலாம். தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் தொடையை லேசாக அமுக்கிப் பார்ப்பார். "ஏம்மா, பால் பத்தலையோ?" என்பார். அன்று ராத்திரியே தாய்க்குச் சந்தேகம் பிடித்துக்கொள்ளும். மூன்று மாதம் வரை கிடுகிடுவென ஏறிய எடை இப்போது மெல்லத்தானே ஏறுகிறது?

அத்தையின் கேள்விக்கு ஒரு காலத்தில் அச்சடித்த ஆதாரமே இருந்தது. 1970களின் கடைசியிலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், உலகின் பல நாட்டு மருத்துவமனைச் சுவர்களில் தொங்கிய வளர்ச்சி அட்டவணையும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகள் நன்றாக இருந்தபோதும், மூன்று நான்கு மாதத்துக்குப் பிறகு அந்த அட்டவணையில் கீழே சறுக்குவதுபோலத் தெரிந்தார்கள். பிழை பாலில் இல்லை. கோட்டில் இருந்தது. அந்தக் கோடு வேறொரு நாட்டில், வேறொரு விதமாக வளர்ந்த பிள்ளைகளை நிறுத்து வரையப்பட்டது.

குழந்தையை நிறுத்துப் பார்ப்பதே வரலாற்றில் புதிய பழக்கம்தான். பிறந்த குழந்தையின் எடை 12 பவுண்டுக்கு மேல் இருக்கும் என்று 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் பேறுகால நூல்கள் கூசாமல் எழுதின. யாரும் தராசில் வைத்துப் பார்க்கவில்லை. ஒருவர் எழுதியதை அடுத்தவர் எழுதினார், அவ்வளவுதான். 1753இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் யோஹான் கெயோர்க் ரோடரர் என்ற மருத்துவர் நிஜமாகவே நிறுத்துப் பார்த்தார். எடை ஆறேழு பவுண்டுதான் வந்தது.

அதற்கு ஆறு ஆண்டு கழித்து, 1759 ஏப்ரலில், பிரான்சில் பிலிபெர் கெனோ த மோன்பெயார் என்ற பிரபுவுக்கு மகன் பிறந்தான். தகப்பனுக்கு விநோதமான ஒரு பிடிவாதம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மகனின் உயரத்தை அளந்து குறித்துவைத்தார். 1777 வரை, ஏறக்குறைய 18 ஆண்டுகள் விடவில்லை. பையன் பிறந்தபோது 51 செ.மீ.; கடைசியில் 187 செ.மீ.க்கு ஒட்டி வளர்ந்தான். காலையில் எழுந்ததும் சற்று உயரமாகவும் பகல் ஏற ஏறக் கொஞ்சம் குள்ளமாகவும் இருக்கிறான் என்பதைக்கூடத் தகப்பன் விட்டுவைக்கவில்லை. நண்பர் பூஃபோன் தம் இயற்கை வரலாற்று நூலின் இணைப்பில் இந்த அளவுகளை வெளியிட்டார். 1927இல் அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்டு ஸ்காமன் அவற்றை மெட்ரிக் அளவுக்கு மாற்றி மறுபடி வெளியிட்டார். முதல் ஆண்டில் செங்குத்தாக ஏறி, பிறகு தணிந்து, விடலைப் பருவத்தில் மீண்டும் துள்ளும் அந்த வளைவு இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. ஒரே குழந்தையின் கோடு அது. பிறருக்கு அளவுகோலாக இருக்க வேண்டும் என்று அந்தத் தகப்பன் நினைத்ததாகத் தெரியவில்லை.

தராசு மருத்துவமனைக்குள் வழக்கமாக நுழைந்தது 1890களில். பாரிஸின் ஷாரிதே மருத்துவமனையில் பியேர் புதேன் 1892இல் கைக்குழந்தைகளுக்கென்று தனி ஆலோசனை நாள் வைத்தார். பிரசவம் முடிந்து வீடு திரும்பிய தாய்மார் வாராவாரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும், எடை பார்க்கவேண்டும். கோடையில் வயிற்றுப்போக்கு கொத்துக்கொத்தாகக் குழந்தைகளை வாரிக்கொண்டு போன காலம் அது. புதேன் முதலில் வற்புறுத்தியது தாய்ப்பாலைத்தான். அது இல்லாதவர்களுக்குக் கொதிக்கவைத்த சுத்தமான பால். இரண்டு ஆண்டில் ஃபெக்காம் நகரில் லியோன் துஃபூர் 'பால்துளி' என்ற பெயரில் ஒரு நிலையம் தொடங்கினார். ஐரோப்பா முழுக்க அந்தப் பெயர் பரவியது.

தராசோடு கூடவே கடிகாரமும் வந்தது. அதுதான் வினை. நியூசிலாந்தின் ட்ரூபி கிங், 1907இல் பிளங்கட் சங்கத்தைத் தொடங்கியவர், நாலு மணிக்கு ஒருமுறைதான் பால், ராத்திரியில் கிடையாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அவரும் தாய்ப்பாலை ஆதரித்தவர்தான் என்பது வேடிக்கை. மார்பிலிருந்து பால் எடுக்கப்பட எடுக்கப்படத்தான் ஊறும். அடிக்கடி குடிக்காவிட்டால் உடல் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். அழுகிற பிள்ளையைக் கடிகாரம் அடிக்கும்வரை காக்கவைத்த வீடுகளில் நாளடைவில் பால் நிஜமாகவே குறைந்தது. பிறகு தராசு அதைக் காட்டியது. பிறகு பால்மாவு டப்பா வந்தது. அழுதால் எடுத்து அணைத்துப் பால் கொடுத்த நம்மூர்க் கிழவிகளுக்கு உடலியல் தெரியாது. ஆனால் இந்த விஷயத்தில் கிங்கைவிட அவர்கள் பக்கமே நியாயம் இருந்தது.

கிழவிகளுக்குத் தெரிந்த இன்னொன்றும் உண்டு. அடுத்த பிள்ளை வயிற்றில் தங்கியதும் பால் நின்றுபோய் மெலிந்துபோகும் மூத்ததைத் தமிழில் 'சவலை' என்பார்கள். 'சவலைப் பிள்ளை' என்றால் விளக்கமே தேவையில்லை. இதே நோக்குள்ள சொல் ஒன்று, இன்றைய கானாவில், அக்ரா வட்டாரத்துக் கா மொழியிலும் இருந்தது: குவாஷியோர்க்கர். இளையது பிறந்ததும் இடம் இழந்த மூத்ததுக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். ஜமைக்காவில் பிறந்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் அங்கே வேலை பார்த்தபோது, பால் மறந்து மக்காச்சோளக் கூழிலேயே வளரும் பிள்ளைகள் உடல் வீங்கிச் சாவதைப் பார்த்தார். அவர்களின் தாய்மார் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார். 1933இல் நோயை விவரித்து எழுதினார்; அடுத்த கட்டுரையில் தாய்மாரின் அந்தச் சொல்லையே நோயின் பெயராக்கி மருத்துவ இதழுக்குள் கொண்டுவந்தார். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்று தலைப்பிட்டுப் பேசியவரும் அவர்தான். குழந்தைக்கு உதவாத சர்க்கரைப் பாலை ஊட்டும்படி தாய்மாரைத் தவறாக வழிநடத்துவதால் நேரும் சாவுகளைக் கொலையாகவே கருதவேண்டும் என்றார்.

அந்தப் பேச்சின் எதிரொலி உலக அரங்கில் விதிமுறையாக 42 ஆண்டுகள் ஆயின. 1981இல் உலக சுகாதாரப் பேரவை பால்மாவு விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது. ஆதரவாக 118 நாடுகள். எதிர்த்தது அமெரிக்கா மட்டும். இந்தியா 1992இல் தனிச்சட்டமே கொண்டுவந்தது. அதன்படி பால்மாவு டப்பாவில் குழந்தைப் படமோ பெண் படமோ போடக்கூடாது. டப்பாவிலிருந்து படம் போய் முப்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. கன்னம் உப்பிய பையனைப் பார்த்து 'அமுல் பேபி' என்பது மட்டும் தமிழில் போகவில்லை.

வளர்ச்சிக் கோட்டை மருத்துவரின் மேசையிலிருந்து தாயின் கைக்கு மாற்றியவர் டேவிட் மார்லி. 1950களின் பிற்பகுதியில் நைஜீரியாவின் இமெசி-இலே கிராமத்துப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. ஒரே அட்டை. அதில் பக்கவாட்டில் மாதங்கள், மேல்நோக்கி எடை, நடுவே சாலைபோல இரண்டு கோடுகள். மாதாமாதம் ஒரு புள்ளி. புள்ளிகள் சாலையோடு சேர்ந்து ஏறினால் சரி, படுத்துக்கொண்டால் கவனிக்கவேண்டும். அட்டையைப் பாலிதீன் உறையில் போட்டுத் தாயிடமே கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் தொலைத்துவிடுவார்கள் என்று சகாக்கள் நினைத்தார்கள். ஆனால் மருத்துவமனை அலமாரியைவிடத் தாய்மாரே அதைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். 'நலவழிச் சாலை' என்ற அந்த அட்டையின் பேரப்பிள்ளைதான் இன்று தமிழ்நாட்டு வீடுகளில் ரேஷன் கார்டோடு சேர்ந்து பீரோவில் கிடக்கும் தாய்-சேய் அட்டை.

ஆனால் சாலையை எந்த ஊர்ப் பிள்ளைகளை வைத்துப் போடுவது? 1977இல் அமெரிக்கா தன் தேசிய வளர்ச்சி அட்டவணையை வெளியிட்டது. உலக சுகாதார நிறுவனம் அதையே சர்வதேச ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டது. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நாடு தழுவிய கணக்கெடுப்பு இருந்தது. கைக்குழந்தைகளுக்கோ ஓஹியோ மாநிலத்தில் யெல்லோ ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில், ஃபெல்ஸ் ஆய்வுக்கூடம் 1929இலிருந்து சேர்த்துவைத்த அளவுகள்தான் கையிருப்பு. ஏறக்குறைய எல்லாரும் வசதியான வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகள்; பெரும்பாலானவர்கள் புட்டிப்பால் குடித்தவர்கள். அளந்ததும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. முதல் மாதங்களின் வேகம் அந்த இடைவெளிக்குள் ஒளிந்துகொண்டது.

எண்களாகப் பார்த்தால் விஷயம் பளிச்சென்று தெரியும். அந்த அட்டவணைப்படி மூன்று மாத ஆண் குழந்தையின் நடுவெடை ஏறத்தாழ 6 கிலோ. ஒரு வயதில் 10.2 கிலோ. தாய்ப்பால் குடித்து வளரும் குழந்தையோ மூன்று மாதத்தில் 6.4 கிலோவைத் தொட்டு முந்திக்கொள்கிறது; ஒரு வயதில் 9.6 கிலோவில் நிற்கிறது. முன்னே ஓடி, பிறகு நிதானிக்கும் நடை. பழைய கோட்டில் வைத்தால், முதலில் 'பிரமாதம்', பிறகு ஒவ்வொரு மாதமும் 'சறுக்கல்'. சறுக்கலைப் பார்த்த செவிலியர் என்ன சொல்வார்? மாவு கரைத்துக் கொடு என்பார். சுத்தமான தண்ணீர் இல்லாத ஊரில் அந்தப் புட்டி வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். அப்போது கோடு உண்மையிலேயே சறுக்கும்.

தாய்க்குப் பால் பத்தாமல் போகவில்லை. ஒரு மாதக் குழந்தையும் ஐந்து மாதக் குழந்தையும் ஒரு நாளில் குடிக்கும் தாய்ப்பாலின் அளவில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. முக்கால் லிட்டரை ஒட்டியே இருக்கும். வளரும் வேகம் குறைவதால் அதே பால் போதுமானதாக இருக்கிறது.

இந்தியப் பால்வாடிகளில் தொங்கிய அட்டைக்கு ஓஹியோவோடு சம்பந்தமில்லை. அது பாஸ்டன். 1972இல் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் வகுத்த ஊட்டக்குறைவுப் படிநிலைகள் பாஸ்டனில் எடுத்த ஹார்வர்டு அளவுகளின் நடுக்கோட்டை நூறாக வைத்துக் கணக்கிடப்பட்டவை. எண்பது சதவீதத்துக்கு மேல் சரி, அதற்குக் கீழே முதல் படி, இரண்டாம் படி என்று போகும். ஆக, சேலத்துக் குழந்தைக்கும் சிவகங்கைக் குழந்தைக்கும் அட்லாண்டிக் கரையில் ஒரு பங்காளி எப்போதும் இருந்தான்.

இந்தப் பங்காளிச் சண்டையிலிருந்து விலகி யோசித்த ஒரு திட்டம் தமிழ்நாட்டில் நடந்தது. 1980இல் உலக வங்கிக் கடனோடு, மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் முன்னோட்டமாகத் தொடங்கி, பின்னர் பல மாவட்டங்களுக்கு விரிந்த ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் அது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான பிள்ளைகளை மாதாமாதம் நிறுத்தார்கள். எல்லாருக்கும் உணவு கிடையாது. போன மாதங்களோடு ஒப்பிடும்போது எடை சரியாக ஏறாத பிள்ளைக்கு மட்டும் ஏறத்தாழ 90 நாள் சத்துருண்டை. தேறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள். அதாவது குழந்தையைப் பாஸ்டனோடு ஒப்பிடுவதைவிட, அதே குழந்தையின் நேற்றோடு ஒப்பிடுவதில்தான் திட்டத்தின் சூட்சுமம் இருந்தது. ஊட்டச்சத்துப் பணியாளர்களைத் தேர்ந்த விதமும் அழகு: அந்த ஊர்க்காரியாக, ஏழையாக, ஆனால் தன் பிள்ளைகளை நன்றாக வளர்த்தவளாக இருக்கவேண்டும். அவளால் முடிந்தது உன்னாலும் முடியும் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்ல வேறு சாட்சி வேண்டியதில்லை. பிள்ளையை நிறுத்தால் கண் பட்டுவிடும் என்று பயந்த வீடுகளுக்குள்ளும் அவளால்தான் நுழைய முடிந்தது. (கோயிலில் வெல்லத்துக்கும் வாழைப்பழத்துக்கும் எதிராகத் துலாபாரத்தில் அதே பிள்ளையை உட்காரவைக்க மட்டும் யாரும் பயந்ததில்லை.) 1982இல் வந்த சத்துணவுத் திட்டத்தின் வெளிச்சத்தில் இது மங்கிப்போனது. சத்துணவின் கதையைச் சொல்பவர்களில் எத்தனை பேருக்குக் கொட்டாம்பட்டியின் பெயர் தெரியும்?

வெளிநாட்டுக் கோடு பொருந்தவில்லை என்றால், நம் பிள்ளைகளுக்குத் தாழ்ந்த கோடு போட்டுவிடலாமா? 1980களில் இந்தக் கேள்வியில் காரசாரமான சண்டை நடந்தது. லேசாகக் குன்றிய பிள்ளைகள் 'சிறியவர்கள், ஆனால் ஆரோக்கியமானவர்கள்' என்றார் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் டேவிட் செக்லர். கணக்குக்கு இது வசதியான வாதம்: கோட்டைக் கீழே இறக்கினால் ஊட்டக்குறைவு காகிதத்தில் மறைந்துவிடும். சேலத்தில் பிறந்து, குன்னூர் ஆய்வுக்கூடத்தில் ஊட்டக்குறைவை நேரில் படித்த சி. கோபாலன் இதைக் கடுமையாக எதிர்த்தார். ஏழையின் குட்டை உருவத்தை இயல்பு என்று அறிவிப்பது அறிவியல் ஆகாது என்பது அவர் கட்சி. மறுபக்கம், அட்டையில் புள்ளி வைப்பதையே வேலையாக்கிவிட்டு, புள்ளி சொல்வதைக் கேட்காமல் விடும் திட்டங்களையும் அவர் விட்டுவைக்கவில்லை.

அந்தச் சண்டைக்குத் தரவோடு பதில் வந்தது 2006 ஏப்ரலில். 1997 முதல் 2003 வரை உலக சுகாதார நிறுவனம் ஆறு ஊர்களில் பிள்ளைகளை அளந்தது: பிரேசிலின் பெலோட்டாஸ், கானாவின் அக்ரா, ஓமனின் மஸ்கட், நார்வேயின் ஓஸ்லோ, அமெரிக்காவின் டேவிஸ், நம் டெல்லி. மொத்தம் ஏறத்தாழ 8,500 குழந்தைகள். தாய் புகைபிடிக்கக்கூடாது, குழந்தை தாய்ப்பால் குடிக்கவேண்டும், வீட்டில் சாப்பாட்டுக்கும் சுகாதாரத்துக்கும் குறைவிருக்கக்கூடாது என்பவை நிபந்தனைகள். அவர்களில் ஒரு பகுதியினரைப் பிறந்தது முதல் இரண்டு வயது வரை 21 முறை வீடு தேடிப் போய் அளந்தார்கள். குழந்தைகள் எப்படி வளர்கிறார்கள் என்று இதுவரை கேட்டவர்கள், தடை இல்லாவிட்டால் எப்படி வளர்வார்கள் என்று இம்முறை கேட்டார்கள். தென் டெல்லிப் பிள்ளைக்கும் ஓஸ்லோ பிள்ளைக்கும் நீளத்தில் சொல்லும்படியான வேறுபாடே இல்லை. மொத்த வேறுபாட்டில் ஊருக்கு ஊர் உள்ள பங்கு வெறும் 3 சதவீதம். மீதியில் பெரும்பகுதி, 70 சதவீதம், ஒரே ஊரின் ஒரு குழந்தைக்கும் இன்னொரு குழந்தைக்கும் இடையில் இருந்தது. வில்லியம்ஸ் 'குவாஷியோர்க்கர்' என்ற சொல்லைக் கேட்ட அக்ராவின் பிள்ளைகளும் இப்போது கோட்டை வரைந்தவர்களில் சேர்ந்துவிட்டார்கள்.

இந்தியா 2008இல் இந்தப் புதிய கோட்டை ஏற்றது. ஆண் பிள்ளைக்கு ஒன்று, பெண் பிள்ளைக்கு ஒன்று என இரண்டு படங்கள் அட்டையில் ஏறின. மாற்றத்தில் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. புதிய கோட்டில், பிறந்து ஆறு மாதத்துக்குள் எடை குறைவாக இருப்பவர்களின் எண்ணிக்கை முன்பைவிடக் கூடியது. அந்த மாதங்களில் தாய்ப்பால் குழந்தை எத்தனை வேகமாக ஏறும் என்பதைப் பழைய கோடு குறைத்தே மதிப்பிட்டிருந்தது. முதல் மாதத்தில் ஒரு கிலோவுக்கு மேல், ஆறாம் மாதத்தில் நானூறு கிராம், பன்னிரண்டாம் மாதத்தில் இருநூறு என்று புதிய கோடு தானாகவே தணிந்துகொண்டு போகிறது. அத்தை தொடையை அமுக்கிப் பார்க்கும் ஐந்தாம் மாதத்தில் குழந்தையோடு சேர்ந்து அதுவும் நிதானமாகத்தான் ஏறுகிறது.