நெருப்புக் காய்ச்சலும் கிருமியின் பிடியும்

மட்டக்களப்பு நகருக்கு அணித்தாய், வாவியோரத்து மணல்நிலத்தில் அமைந்த ஊர் அமிர்தகழி. மாமாங்கேஸ்வரர் ஆலயத்தாலும் அதனையடுத்த தீர்த்தக் குளத்தாலும் பெயர் பெற்றது. ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் தீர்த்து நீராட அங்கு கூடுவோர் பல்லாயிரவர். இத்தகைய மணற்பாங்கான ஊர்களில் சில முழம் தோண்டினாலே நீர் ஊறும். அது பெரும் வசதிதான். ஆயினும் கிணறும் மலக்குழியும் ஒரே மணலில் அருகருகே அமைந்துவிடின், ஒன்றன் அழுக்கு மற்றதனுள் கசிவதைத் தடுப்பார் இல்லை. அவ்வழியே வரும் நோய்களுள் கொடியது நெருப்புக் காய்ச்சல். ஆங்கில மருத்துவர் தைபோயிட் என்பர். நாளுக்கு நாள் படிப்படியாக ஏறி, வாரக்கணக்கில் தணியாது எரிக்கும் காய்ச்சலுக்கு நம் மக்கள் இட்ட பெயரே பொருத்தமானது.

குடலிலே உணவும் நீரும் ஓயாது ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த ஓட்டத்தில் அடித்துச் செல்லப்படாமல் இச்சிறு கிருமி நிலைகொள்வது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை காண ஏறக்குறைய நூறாண்டு சென்றது. அந்த வரலாற்றில் கொழும்பு மாநகருக்கும் ஒரு பங்குண்டு.

கிருமியை 1880இல் கண்டவர் எபேர்த். 1884இல் அதனைத் தனியே வளர்த்தவர் கஃப்கி. இருவரும் ஜெர்மானியர். இக்கிருமி சேர்ந்துள்ள இனத்துக்குச் சல்மொனெல்லா என்று பெயர். அமெரிக்க விலங்கு மருத்துவர் சால்மனின் பெயரால் அது வழங்குகின்றது. 1885இல் இவ்வினத்துக் கிருமி ஒன்றைப் பிரித்தெடுக்க உழைத்தவரோ அவருடைய உதவியாளர் தியோபால்ட் ஸ்மித். உழைப்பு ஒருவருடையது, பெயர் மற்றொருவருடையது. விஞ்ஞான உலகிலும் இது புதிதன்று.

1896இல் பிரான்சில் விடால் ஓர் எளிய சோதனையை வகுத்தார். நோயாளியின் குருதிப்பாயத்தைக் கிருமிகளோடு கலந்தால், நீந்தித் திரிந்த கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். குருதியிலுள்ள பிறபொருளெதிரிகள் கிருமியின் மேற்பரப்பைப் பற்றிக்கொள்வதே காரணம். ஆனால் உறவுடைய கிருமிகள் சிலவும் அதே பாயத்தில் திரண்டு மருத்துவரை மயக்கின. இம்மயக்கத்தைத் தீர்த்தவர் அல்டோ கஸ்தெல்லானி என்னும் இத்தாலியர். ஒரு கிருமியைப் பாயத்தில் இட்டு, அதற்குரிய எதிரிகளை அதுவே உறிஞ்சிக்கொள்ளச் செய்து, எஞ்சியிருப்பது யாது எனப் பார்க்கும் முறையை அவர் 1902இல் வெளியிட்டார். மறு ஆண்டே இலங்கைக்கு வந்து, கொழும்பில் பற்றீரியா ஆய்வுநிலையத்தின் தலைமையை ஏற்றார். அந்நிலையமே பின்னர் மருத்துவ ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. 1915 வரை அவர் இங்கு பணியாற்றினார். தைபோயிட்டோடு, அதற்கு இளையவனெனத் தக்க பராதைபோயிட்டையும் ஒரே ஊசியால் தடுக்கும் கலப்பு மருந்துக்கு அவர் பெரிதும் பாடுபட்டார்.

அவருக்குப் பின் வந்தோர் மேற்பரப்பை மேலும் நுணுகி ஆராய்ந்தனர். வைல், பெலிக்ஸ் என்னும் இருவர் நீந்த உதவும் சவுக்குப் போன்ற இழையை ஒரு குறியாகவும், உடற்சுவரை மற்றொரு குறியாகவும் பிரித்தறிய வழி செய்தனர். இழை புரதத்தால் ஆனது. சுவர்க்குறியோ கொழுப்போடு கூடிய சர்க்கரைச் சங்கிலி. இவ்விரு குறிகளைக் கொண்டு இன்று 2500க்கு மேற்பட்ட சல்மொனெல்லா வகைகள் வகுக்கப்பட்டுள்ளன. பரேலி, டப்ளின் என ஊர்ப்பெயர்களே பல வகைகளுக்கு வாய்த்தன. எந்த ஊரார் இப்பெருமையை விரும்புவரோ!

இவ்வளவு ஆராய்ந்தும், மேற்பரப்பு கிருமியை அடையாளங் காணும் முத்திரையாகவே பெரிதும் கருதப்பட்டது. அது கிருமிக்கு எதற்குப் பயன்படுகின்றது என்ற கேள்வி பின்தங்கியே நின்றது. 1955இல் ஸ்கொத்லாந்தில் டூகிட்டும் அவருடைய துணைவரும் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் நோக்கியபோது, நீந்தும் இழைக்கு வேறாக, கிருமியின் உடலைச் சுற்றிலும் மெல்லிய மயிர்கள் நெருங்கி நிற்கக் கண்டனர். சேலைத் தலைப்பின் குஞ்சம் போன்றமையால் அதற்கேற்ற இலத்தீன் பெயரையே இட்டனர். இவை வெறும் அலங்காரம் அல்ல. மயிருள்ள கிருமிகளைச் செங்குழியங்களோடு கலந்தால் குழியங்கள் திரண்டன. மயிரற்றவை அவ்வாறு செய்யவில்லை. சீனியின் இனத்தைச் சேர்ந்த மனோசு என்னும் பொருளைச் சிறிது சேர்த்தாலோ திரட்சி நிகழவில்லை. மயிரின் புரதம் கலத்தின் மேலுள்ள மனோசையே தேடிப் பற்றுகின்றது. தனி மனோசு கிடைத்ததும் அப்பிடி அதனால் நிரம்பிவிடுகின்றது. சல்மொனெல்லாக்களிலும் இத்தகைய மயிர்கள் பல வகைகளில் இருப்பதை 1966இல் அவர் விரிவாகக் காட்டினார்.

பற்றும் புரதம் மயிரின் நுனியில் இருப்பதும் பின்னர் தெளிவாயிற்று. குடற்சுவரில் நோய்த்தடுப்புக்கெனக் காவல் நிற்கும் சிறப்புக் கலங்கள் உண்டு. அக்கலங்களின் மேலுள்ள ஒரு புரதத்தை இந்நுனி பற்றுவதை 2009இல் ஜப்பானிய ஆய்வாளர் அறிவித்தனர். காவலனின் கையைப் பிடித்தே கள்வன் உள்ளே நுழைகின்றான்! பற்றிய பின் நடப்பது வேறு. 1989இல் கலான், கேர்ட்டிஸ் என்போர் கலத்துள் நுழைய உதவும் மரபணுக்களைக் கண்டனர். ஊசி போன்ற கருவியால் கிருமி தன் புரதங்களைக் கலத்துள் செலுத்த, கலத்தின் விளிம்பு அலைபோல் எழுந்து அதனை விழுங்குகின்றது.

நோய் தீர்ந்த பின்னும் சிலரிடம் இப்பிடி விடுவதில்லை. மெக்சிக்கோ நகரத்து நோயாளர் சிலரின் பித்தக்கற்கள் மீது தைபோயிட் கிருமிகள் படலமாய் ஒட்டிக் கிடந்ததை 2010இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அத்தகையோர் நலமாகவே உலவுவர். கிருமியோ அவர்தம் மலத்தோடு வெளியேறிக்கொண்டிருக்கும். நியூயோர்க்கில் சமையற்காரியாக இருந்த மேரி மலன் அவ்வாறு நலமுடன் இருந்தே பலருக்கு நோயைக் கொடுத்தவர். 1907இல் தடுத்து வைக்கப்பட்டு, சமையல் செய்வதில்லை என்ற வாக்குறுதியின் பேரில் 1910இல் விடுவிக்கப்பட்டார். 1915இல் மருத்துவமனை ஒன்றின் சமையலறையிலேயே வேறு பெயருடன் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டு, 1938இல் இறக்கும்வரை தனித்து வைக்கப்பட்டார். தம்மிடம் நோய் உண்டென்பதை அவர் இறுதிவரை ஒப்புக்கொள்ளவில்லை.