உளநூற் பட்டப்படிப்பு வந்த வழி



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவுகள் வெளியானதும், மேலே என்ன படிப்பது என்று ஆசிரியர்களைத் தேடி வருவது திருப்பூர்ப் பகுதிப் பிள்ளைகளின் வழக்கம். வணிகவியலா, கணிப்பொறியா, ஆடை வடிவமைப்பா என்பனவே நெடுநாள் அவர்கள் கேட்ட கேள்விகள். அண்மைக் காலத்தில், "உளவியல் படிக்கலாமா, ஐயா?" என்னும் கேள்வியும் சேர்ந்துள்ளது. அதைத் தொடர்ந்து வருவது இன்னொரு கேள்வி: "மூன்று ஆண்டு படித்துவிட்டால் மனநோய்க்கு மருத்துவம் செய்யலாம் அல்லவா?" இந்த இரண்டாம் கேள்விக்கு ஒரு சொல்லில் விடை கூறிவிடலாம். ஆயினும் இப்படிப்பு எவ்வாறு பிறந்து, எவ்வழியாக நம் நாட்டுக்கு வந்தது என்பதை அறிந்துகொண்டால், விடை தானே விளங்கும். எங்கள் தலைமுறையில் உளநூல் என்று வழங்கிய இக்கலையே இன்று உளவியல் எனப்படுகிறது. இரண்டு பெயரையும் நான் ஆளுவேன்.

மனத்தைப் பற்றிய ஆராய்ச்சி பன்னெடுங் காலம் தத்துவத்தின் ஒரு பிரிவாகவே இருந்துவந்தது. 1879ஆம் ஆண்டு ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக் கழகத்தில் வில்ஹெல்ம் வுண்ட் என்னும் பேராசிரியர் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். ஓர் ஒலியைக் கேட்டவுடன் மனிதன் எத்துணை விரைவில் விரலை அசைக்கிறான் என்பது போன்றவற்றைக் கருவி கொண்டு அளந்தார்கள். சிறு செயல்தான். ஆனால் அன்று முதல் உளநூல் அளவையும் சோதனையையும் அடிப்படையாகக் கொண்ட ஒரு துறையாயிற்று. வுண்டிடம் பயின்றவர்களில் இருவரை நாம் நினைவில் வைக்கவேண்டும். ஒருவர் அமெரிக்காவின் ஹார்வர்டுக்குச் சென்ற ஹியூகோ மூன்ஸ்டர்பெர்க். மற்றவர் இலண்டனில் ஆசிரியராக விளங்கிய சார்லஸ் ஸ்பியர்மன். அறிவுத் திறனைக் கணிதத்தால் அளக்க முற்பட்டவர்.

இந்தியாவுக்கு உளநூல் இவ்விருவர் வழியாகவே வந்தது. கல்கத்தாப் பல்கலைக் கழகத்துக்கென 1905ஆம் ஆண்டிலேயே பிரஜேந்திரநாத் சீல் ஒரு பாடத்திட்டம் வகுத்திருந்தார். 1916இல் அங்குத் தனித் துறை தோன்றியபோது அதன் பொறுப்பை ஏற்றவர் மூன்ஸ்டர்பெர்க்கின் மாணவரான நரேந்திரநாத் சென்குப்தா. அதே நகரில் கிரீந்திரசேகர போஸ் என்னும் மருத்துவர் 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவி, வியன்னாவிலிருந்த பிராய்டுடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். ஒரே ஊரில் ஒருபுறம் கருவிகளும் எண்களும். மறுபுறம் கனவுகளும் அடிமனமும். இன்றும் பட்டப்படிப்பு மாணவர் முதலாண்டில் இவ்விரண்டையும் ஒருங்கே சந்தித்துத் திகைப்பதுண்டு. திகைப்பதற்கு ஒன்றுமில்லை; பாடம் பிறந்த வகையே அது.

இரண்டாவது துறை நமக்கு அண்மையிலுள்ள மைசூரில் 1924இல் அமைந்தது. அதை நிறுவிய எம். வி. கோபாலசுவாமி ஸ்பியர்மனிடம் பயின்று திரும்பியவர். இப்பேராசிரியரைப் பற்றி வானொலி நேயர்கள் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1935இல் இவர் மைசூரில் தம் இல்லத்திலேயே ஒரு சிறிய வானொலி நிலையத்தை அமைத்து நடத்தினார். அதற்கு வைத்த பெயர் 'ஆகாசவாணி'. பின்னாளில் நாடு முழுவதற்குமான வானொலி ஏற்றுக்கொண்ட பெயரும் அதுவே. உளநூல் கற்ற ஒருவர் வகுப்பறைக்கு வெளியே என்ன செய்யக்கூடும் என்று கேட்பவர்களுக்கு நான் இதைச் சொல்வது வழக்கம்.

சென்னை மாகாணத்தில் உளநூல் முதலில் ஆசிரியர்களின் பாடமாயிற்று. 1856இல் தோன்றிய சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியின் மரபில் பயின்றோர், குழந்தையின் மனம் வளரும் வகையை அறியாமல் பாடம் நடத்த முடியாது என்பதை உணர்ந்திருந்தனர். இன்றும் ஆசிரியப் பயிற்சி பெறுவோர் அனைவரும் கல்வி உளவியல் படித்தே தீரவேண்டும். சென்னைப் பல்கலைக் கழகத்தில் உளநூலுக்கெனத் தனித் துறை 1943இல்தான் ஏற்பட்டது. ஜி. டி. போவாஸ் அதன் தலைவராய் அமைந்தார்.

தமிழில் இத்துறை பேசத் தொடங்கிய வரலாற்றில் கொங்கு நாட்டுக்குத் தனி இடமுண்டு. திருப்பூரிலே பிறந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் 1946 முதல் 1949 வரை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தார். தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவித் தமிழுக்கு ஒரு கலைக்களஞ்சியம் வேண்டும் என்று முயன்றவர் அவரே. அப்பணிக்குத் தலைமைப் பதிப்பாசிரியராக 1948இல் அமர்த்தப்பெற்றவர் ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சிப் பகுதியில் பிறந்த பெ. தூரன். கோபிசெட்டிபாளையத்திலும் பின்னர்க் கோயமுத்தூர் இராமகிருஷ்ண வித்தியாலயத்திலும் ஆசிரியராய் இருந்தவர். கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954இலும் பத்தாம் தொகுதி 1968இலும் வெளிவந்தன. தூரனைக் கவிஞராகவும் இசைப்பாடல் ஆசிரியராகவும் பலர் அறிவர். 'குழந்தை உள்ளம்', 'அடிமனம்', 'தாழ்வு மனப்பான்மை' முதலிய உளநூல் நூல்களை எளிய தமிழில் எழுதியவரும் அவரே என்பதைக் கல்லூரி மாணவர்களிற் பலர் அறியார். ஆங்கிலப் பாடநூலைத் திறந்து அஞ்சும் மாணவர், முதலில் இவற்றை நூலகத்தில் தேடிப் படிப்பது நலம். இவை எழுதப்பட்ட பின் ஆராய்ச்சி எவ்வளவோ முன்னேறிவிட்டது என்பது மெய்யே. ஆயினும் சொல்லின் தெளிவு பழையதாகிவிடவில்லை.

இனிப் பனியன் தொழிற்சாலைகளின் ஊருக்கும் உளநூலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நெருங்கிய தொடர்பு உண்டு. மூன்ஸ்டர்பெர்க்கே தொழில்துறை உளநூலின் முன்னோடிகளில் ஒருவர். 1923இல் எல்டன் மேயோ என்பவர் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒரு நூற்பாலையை ஆராயச் சென்றார். அதன் ஒரு பிரிவில் ஆள் நிற்பதேயில்லை. ஏறத்தாழ நாற்பது பேர் வேலை செய்யும் இடத்துக்கு ஆண்டுதோறும் நூறு பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. ஊக்கத்தொகை கொடுத்தும் பயனில்லை. மேயோ தொழிலாளரோடு பேசிப் பார்த்தார். நாள் முழுதும் நடந்து நடந்து கால் நோவும், ஒரே வேலையால் விளைந்த மனச்சோர்வும் வெளிப்பட்டன. இடையிடையே பத்து நிமிடம் படுத்து இளைப்பாற ஏற்பாடு செய்தார். ஆள்கள் நின்றனர், விளைவும் உயர்ந்தது. பின்னர் அவசர ஆர்டர் ஒன்று வரவே, மேற்பார்வையாளர்கள் ஓய்வை நிறுத்திவிட்டார்கள். விளைவு குறைந்தது! ஆலைத் தலைவரே தலையிட்டு ஓய்வை மீண்டும் நிலைநாட்டினார். கப்பலேற்றும் நாள் நெருங்கியதும் இரவு பகலாய்த் தையற் பொறிகள் ஓடும் ஊரில் வாழும் உங்களுக்கு இதை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நம் நாட்டிலும் இத்தகைய ஆய்வு நடந்துள்ளது. 1947இல் அகமதாபாத்தில் தோன்றிய நெசவுத் தொழில் ஆராய்ச்சிக் கழகத்தில் மனித உறவுகளுக்கெனவே ஒரு பிரிவு இயங்கிற்று. கமலா சௌத்ரி அதனை வழி நடத்தினார். 1953இல் அந்நகரின் காலிகோ ஆலையில், இலண்டன் தாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் ஒரு சோதனைக்கு வழிகாட்டினார். தானியங்கித் தறிகள் புதிதாய் வந்திருந்தும் எதிர்பார்த்த விளைவு கிட்டவில்லை. தறியில் கோளாறு இல்லை. ஆளுக்கொரு துண்டு வேலையாகப் பிரித்திருந்ததால் எவருக்கும் எவரோடும் உறவில்லாமற் போயிருந்தது. ஒரு குழுவுக்குச் சில தறிகள் முழுப்பொறுப்பு என்று மாற்றியமைக்கலாம் என்றார் ரைஸ். தொழிலாளர் அதை விரும்பி ஏற்றுத் தாமே குழுக்களாகச் சேர்ந்துகொண்டனர். நாளடைவில் நெசவு மிகுந்தது, பழுது குறைந்தது. வெட்டுதல், தைத்தல், சரிபார்த்தல், மடித்துக் கட்டுதல் என்று வேலை பிரிந்து கிடக்கும் நம் தொழிற்கூடங்களிலும், தொலைவிலிருந்து வந்து விடுதிகளில் தங்கி உழைப்போரிடையிலும் ஆராய்வதற்குரியவை மலைபோல் குவிந்திருக்கின்றன. அதனைச் செய்ய இவ்வூர்ப் பிள்ளைகளைவிடத் தகுதியுடையார் யாவர்?

இப்பொழுது உங்கள் இரண்டாம் கேள்விக்கு வருவோம். நோயாளர்க்கு உதவும் உளநூல் வேறொரு பாதையில் வளர்ந்தது. 1954இல் பெங்களூரில் அகில இந்திய மனநல நிறுவனம் தொடங்கப்பெற்று, அடுத்த ஆண்டே மருத்துவ உளநூலில் பட்டயப் பயிற்சி ஏற்பட்டது. 1974இல் அது நிம்ஹான்ஸ் என்னும் பெருநிறுவனமாயிற்று. நோயாளர் நடுவில் மேற்பார்வையின்கீழ்ப் பழகிய பின்னரே ஒருவர் அத்தொழிலுக்கு உரியவராவார் என்பது அன்றிலிருந்து வந்த நெறி. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெறுவதற்கு, அம்மன்றம் ஏற்ற பயிற்சி தேவை. பொதுவான மூன்றாண்டு இளங்கலைப் பட்டம் அதற்குப் போதாது. மருந்து எழுதிக் கொடுப்பது மருத்துவம் பயின்ற மனநல மருத்துவரின் உரிமை. அது முற்றிலும் வேறு.

ஆகவே திட்டமிடுவோர் ஐந்தாண்டு அல்லது அதற்கு மேலும் எண்ணிப் பார்க்கவேண்டும். வீட்டில் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஷிப்டு வேலையில் ஈட்டும் வருவாயில் ஒரு பிள்ளையை ஐந்தாண்டு படிக்க வைப்பது எளிதன்று. புள்ளியியல் கட்டாயம் உண்டு. ஸ்பியர்மனின் பெயரையே அங்கு ஒரு வாய்பாட்டில் காண்பீர்கள். செய்முறை வகுப்பும் உண்டு. எனவே கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தை மட்டும் பாராமல், ஆய்வுக்கூடத்தைக் காட்டும்படி கேளுங்கள். கோயமுத்தூரில் அரசு கலைக் கல்லூரி உட்படச் சில கல்லூரிகளில் இப்பாடம் உள்ளது. பாரதியார் பல்கலைக் கழகத்தில் மேற்படிப்பும் உள்ளது. சேர்க்கை விதிகள் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடுவதால் நேரில் விசாரிப்பதே முறை.

வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல்வழியில் படிக்கலாம் என்று எண்ணுவோர் இங்குப் பலர். அவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். உடல்நலத் துறைசார் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரம்புக்குள் உளவியலும் வருவதால், 2025 ஜூலை–ஆகஸ்டுப் பருவம் முதல் அப்பாடத்தில் தொலைநிலை வழியிலும் இணைய வழியிலும் புதிதாக மாணவரைச் சேர்க்கலாகாது என்று பல்கலைக் கழக மானியக் குழு அறிவித்தது. எவரேனும் அவ்வாறு சேர்ப்பதாகக் கூறினால், பணம் கட்டுமுன் மானியக் குழுவின் அறிவிப்பை எடுத்துப் பாருங்கள்.